எல்லாத்தையும் அணைச்சாச்சு

எங்கள் ஒலிப்பதிவாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தி.நகர் ஸ்டூடியோ ஒன்றிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். “சார், உங்க காலத்துல நாய்ஸ் எடுக்க எவ்ளோ கஷ்டப்பட்டீங்கன்னு எழுதுங்க சார். இப்பல்லாம் ஒரு பட்டன் தட்டினா போயிடுது. பசங்களுக்கு ஒண்ணுமே தெரியறதில்ல” என்றார். பாராட்டுகிறாராம். நான் ஆயுசு முழுக்கச் செய்த வேலையை ஒரு பட்டனுக்குள் மடித்து வைத்துவிட்டு, அதற்கு ஒரு கட்டுரையும் கேட்கிறார். எழுதித் தருகிறேன், வெட்டாமல் போடு என்று சொல்லி போனை வைத்தேன்.

பட்டன் தட்டினால் இரைச்சல் போகும்தான். கூடவே கிட்டார் கம்பியின் பாதி உயிரும் போகும். அது இவர்கள் காதுக்குத் தெரியாது, ஏனென்றால் உயிரோடு இருந்தபோது அதை இவர்கள் கேட்டதே இல்லை. சரி, அது போகட்டும். வீட்டுக் குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுவீர்களா, இல்லை தரையைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்களா? இவர்கள் துடைக்கிற கூட்டம். எங்கிருந்து ஒழுகுகிறது என்று ஒருத்தனும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

என் படிப்பு பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. ரேடியோ மெக்கானிக் டிப்ளமா. ஆதம்பாக்கத்தில் ஒரு கடையில் வால்வு ரேடியோ பழுது பார்த்தேன். ஆடி மாதத்தில் அம்மன் கோவில்களுக்கு மைக் செட் கட்டினேன். பிறகு தெரிந்தவர் ஒருவர் கைகாட்ட, அபிராமபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் பராமரிப்பு இன்ஜினியராகப் போய் உட்கார்ந்தேன். நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் நடுவில் அங்கே நடந்தது.

முதலாளி தன் சொந்த வீட்டின் கீழ்த்தளத்தை இடித்துக் கட்டிய ஸ்டூடியோ அது. மேலே அவர் குடும்பம், கீழே நாங்கள். ஜன்னல் இல்லாத பெரிய ஹால், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கன்ட்ரோல் ரூம். ஹாலின் கிழக்குச் சுவரில் ஒரு தேக்குப் பலகை, அதன்மேல் பிள்ளையார் படம், படத்துக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. அந்த விளக்குக்கு ஒரு கதை உண்டு. ஒருமுறை பாட்டுப் பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே பல்பு பியூஸாகிவிட்டது. அந்தப் படமும் மண்ணைக் கவ்வியது. கதை சரியில்லை என்று ஊரே சொன்னது. பல்புதான் காரணம் என்று முதலாளி மட்டும் சொன்னார். உடனே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, கீழே யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாதென்று மேல் வீட்டிலிருந்தே தனி ஒயர் இழுக்கச் சொன்னார். இனிமேல் பல்பு பியூஸே ஆகாதபடிக்கும் எலக்ட்ரீசியன் ஏதோ ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது மங்கலாக, இரவு பகல் எரிந்துகொண்டே இருந்தது.

எங்கள் சீஃப் இன்ஜினியர் ராமபத்ரன் சார். மயிலாப்பூர்க்காரர். காது என்னவோ தங்கம்தான். ஸ்ருதி நூலிழை விலகினாலும் பிடித்துவிடுவார். ஆனால் ஏதாவது கோளாறு என்று வந்துவிட்டால் மனிதர் ஜோசியராகிவிடுவார். எதையும் தொடமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் கேட்பார். “இது இன்னதுதான்” என்று தீர்ப்புச் சொல்வார். பிறகு ஆத்திலிருந்து வந்த பிளாஸ்கைத் திறந்து காபியை ஊற்றிக்கொள்வார். நான் ஸ்க்ரூ டிரைவரோடு மல்லாடி வேறெதையாவது கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் காட்டினால், “அதத்தானே நானும் சொன்னேன்” என்பார். அத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

இனி அமல்ராஜ். சாந்தோம் மாதா கோவிலுக்குப் பின்தெருவில் வீடு. கோவில் பாட்டுக் குழுவில் கிட்டார் பழகி, நல்ல அரசாங்க வேலையை உதறிவிட்டு, பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சினிமாப் பதிவுகளுக்கு வந்தவர். கனமான நாலு கம்பி. அதில் அவர் விரல் வைத்தால் ஹாலின் தரை லேசாகச் சிரிக்கும். ஆனால் காலம் கெட்ட காலம். கீபோர்டு என்ற பெட்டி வந்து இறங்கியிருந்தது. அதற்குள்ளேயே பேஸ் இருக்கிறதே, இந்தக் கிட்டார்க்காரர்களை எப்போது கழற்றிவிடலாம் என்று எல்லா ஸ்டூடியோவும் சாக்குத் தேடிக்கொண்டிருந்தது. ‘அவன் கிட்டார் இரையுது’ என்று எங்கள் இடத்தில் காலையில் ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும், சாப்பாட்டு நேரத்துக்குள் கோடம்பாக்கம் வரை போய்விடும். அப்புறம் அந்த ஆளை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

அந்தப் படத்தின் இசையமைப்பாளருக்கு கீபோர்டு பேஸ் பிடிக்கவில்லை. கிட்டாரை ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரில் விட்டு, அதன் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்துப் பிடிக்க வேண்டும், அந்தச் சூடு வேண்டும் என்று நின்றார். ஆம்ப்ளிஃபயரையும் அவரே கொண்டுவந்து இறக்கினார். சீஃபுக்கு எரிச்சல். “ரேடியோக் கடைய இங்க கொண்டு வந்து எறக்கிருக்கா” என்று என்னிடம் முணுமுணுத்தார்.

முதல் இரண்டு நாள் ஒரு தொந்தரவும் இல்லை. அமல்ராஜ் ஹாலின் ஓரத்தில், சுவரைப் பார்த்தாற்போல ஒரு கோணலாக உட்கார்ந்துகொண்டு வாசித்தார். பேஸ் அப்படியே வெண்ணெய் மாதிரி இறங்கியது. மூன்றாம் நாள் பூப்போட வந்த முதலாளி அதைப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து வாசிக்கிறாரு?” என்று சீஃபிடம் முகம் சுளித்தார். சீஃபுக்குக் கேட்கவா வேண்டும். நாற்காலியைப் படத்துக்கு நேராகப் போடச் சொன்னார். அமல்ராஜ் மாறி உட்கார்ந்தார். அப்போது நான் பின்னறையில் ஒரு மைக்கைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலி மாறிய விஷயத்தை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நாற்காலி எந்த ஊரில் எலக்ட்ரானிக்ஸ்?

அரை மணி கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்பீக்கரிலிருந்து இரைச்சல் வந்துகொண்டிருந்தது.

“குமரேசா, இது அவன் கிட்டார்தான். ஓட்டைக் கிட்டார். வேற ஒண்ணுமே இல்ல” என்று சீஃப் தீர்ப்புச் சொல்லிவிட்டு பிளாஸ்கைத் திறந்தார்.

தம்பிகளே, இரைச்சல் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். முதலில் காதைக் கொடுத்து அது எந்த ஜாதி என்று பார்க்கவேண்டும். நான் அந்த ஸ்பீக்கர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டேன். இரண்டு சத்தம் கலந்திருந்தது. அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். அதன்மேல் ‘ஜிர்ர்ர்’ என்று, தீப்பெட்டியில் அடைத்த பொன்வண்டு மாதிரி ஒரு கடுப்பான சத்தம். இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்காது. சீஃபுக்கு இரண்டும் ஒரே ஓட்டைக் கிட்டார்.

அடுத்தது, சங்கிலியைப் பாதியில் வெட்டுவது. கிட்டார் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து உருவினேன். பொன்வண்டு உடனே செத்தது. முனகல் மட்டும் இருந்தது. ஆக முனகல் இந்தப் பக்கம், வண்டு அந்தப் பக்கம். முனகலுக்குக் காரணம் சின்ன விஷயம். அன்று காலையில்தான் ஆம்ப்ளிஃபயரிலிருந்து மிக்ஸருக்கு நேராகவும் ஒரு ஒயர் இழுத்திருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரை ஹால் சுவரிலும், மிக்ஸரை கன்ட்ரோல் ரூம் சுவரிலும் செருகியிருந்தார்கள். இரண்டு இடத்து எர்த்தும் ஒன்றோடொன்று சண்டை போட்டன. இரண்டையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவந்ததும் முனகல் ஓய்ந்தது. கையோடு பென்சில் கட்டையால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்று மட்டும் ‘டங்’ என்று மணியடித்தது. அதையும் மாற்றினேன். இதற்கெல்லாம் சீஃப், “பாத்தியா, சரியாயிண்டே வர்றது” என்று தனக்குத்தானே சபாஷ் போட்டுக்கொண்டார்.

பொன்வண்டு மட்டும் மசியவில்லை. ஒயரை மாற்றினேன், அப்படியே இருந்தது. அமல்ராஜை எல்லாக் கம்பியையும் உள்ளங்கையால் அமுக்கச் சொன்னேன், ஒரு துளி குறைந்தது. சீஃப் எழுந்தே வந்துவிட்டார்.

“பாரு, பாரு, அவன் கைய வெச்சா கொறையறது. அவன் உடம்புலதான் ஏதோ கோளாறு.”

“என் ஒடம்புக்கு இன்னா சார்? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு” என்றார் அமல்ராஜ்.

கிட்டாரின் முதுகைத் திறந்தேன். கம்பிகளுக்குக் கீழே காந்தமும் சுருளுமாக ஒன்று இருக்கும், பிக்கப் என்பார்கள். கம்பியின் அசைவை அதுதான் பிடிக்கிறது. அது கம்பியை மட்டும் பிடிக்காது, காற்றில் திரிகிற மின்சாரக் குப்பையையும் சேர்த்து வாரும். உள்ளே முழுக்கத் தாமிரத் தாள் ஒட்டி எர்த்து கொடுத்தேன். வண்டு கொஞ்சம் தொண்டை கட்டினாற்போல் ஆனதே தவிர, போகவில்லை. கிட்டாரில் ஒரு கோளாறும் கிடையாது, வெளியே ஏதோ ஒன்று குப்பை கொட்டுகிறது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அப்படியானால் வழி ஒன்றுதான். ஆம்ப்ளிஃபயரை மட்டும் விட்டுவிட்டு இருக்கிற எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அணைத்தேன். ஏசி, டியூப்லைட், எக்ஸாஸ்ட் ஃபேன், கன்ட்ரோல் ரூம் மெஷின்கள் அத்தனையும். மேலே போய் முதலாளி வீட்டம்மாவைக் கெஞ்சி ஃப்ரிட்ஜ், மிக்ஸி, டிவி எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னேன். அந்தம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கீழே வந்தேன். ஏசி இல்லாமல் ஹால் வேகத் தொடங்கியிருந்தது.

“எல்லாத்தையும் அணைச்சாச்சு சார்” என்று சத்தமாகச் சொன்னேன்.

“எல்லாத்தையுமா?” என்றார் சீஃப்.

“எல்லாத்தையும்.”

அமல்ராஜ் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். ஸ்பீக்கரில் பொன்வண்டு ஜம்மென்று பாடிக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் ஒரு கோடுகூட இறங்கவில்லை. எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

சீஃப் இதற்குத்தான் காத்திருந்தார். “போறும்யா. ஊர்ல இருக்கற கரண்டையெல்லாம் அணைச்சும் கத்தறதுன்னா அது கிட்டார்தானே? நாளைக்குக் கார்த்தால கீபோர்டுல வாசிச்சுண்டு போயிடலாம். மியூசிக் டைரக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்.” பிறகு அமல்ராஜ் பக்கம் திரும்பி, “நீர் வர வேண்டாம். இந்தக் கிட்டார வெச்சுண்டு வேற எங்கயும் போய் மானத்த வாங்காதீரும்” என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒரு மனிதனின் பிழைப்பில் மண் அள்ளிப் போடலாம். பிளாஸ்க் மூடியைத் திருகியபடியே போட்டார்.

அமல்ராஜ் கிட்டாரைக் கழற்றாமலே எழுந்தார், வாசல் பக்கம் திரும்பினார், நின்றார்.

சத்தம் நின்றது.

“அமல், அசையாத!” என்று கத்தினேன். கிட்டவே போய்க் கேட்டேன். ஒரு முனகல்கூட இல்லை. “இப்போ மெதுவா திரும்பு.” திரும்பினார். ஜிர்ர்ர். “மறுபடி வாசல் பக்கம்.” நின்றது. கிட்டாரை அவர் தோளிலிருந்து வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு, ஹாலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மேற்கே போனால் குறைந்தது, கிழக்கே போனால் ஏறியது. கிழக்குச் சுவரை நெருங்க நெருங்க வண்டு ஆயிரம் வண்டானது. தேக்குப் பலகைக்கு நேராகக் கிட்டாரைத் தூக்கிப் பிடித்ததும் ஸ்பீக்கர் காது கிழிய அலறியது.

அண்ணாந்து பார்த்தேன். பிள்ளையார், அவர் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு. நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஜன்னல் இல்லாத ஹால், டியூப்லைட் எல்லாம் அணைந்துவிட்டது. அப்புறம் எந்த வெளிச்சத்தில் நான் மீட்டர் முள்ளைப் பார்த்தேன்? எந்த வெளிச்சத்தில் சீஃப் பிளாஸ்க் மூடியைத் திருகினார்? அந்த விளக்கின் கீழேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் அணைத்தாகிவிட்டது என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். மிக்ஸி மின்சாரச் சாமான், ஃப்ரிட்ஜ் மின்சாரச் சாமான். சாமி விளக்கு மட்டும் எங்கள் கணக்கில் சாமி. டிப்ளமா படித்து என்ன புண்ணியம்.

படத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். எலக்ட்ரீசியனின் அந்த ஏற்பாடு கையில் தட்டுப்பட்டது. ஃபேனுக்குப் போடுகிற எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். பல்பு முழுசாக எரிந்தால்தானே பியூஸாகும், பாதியாக எரியட்டும் என்று மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ரெகுலேட்டர் கரண்டை ஒரு நொடிக்கு எத்தனையோ முறை துண்டு துண்டாக நறுக்கித்தான் விளக்கை மங்கலாக்கும். அந்த நறுக்கலைத்தான் அமல்ராஜின் கிட்டார் பிடித்துக்கொண்டிருந்தது.

“சார், இதை அணைக்கணும்” என்றேன்.

சீஃப் பதறிப் போனார். “என்னய்யா பேசறே? சுவாமி வெளக்கையா? அபசாரம்! மொதலாளி காதுல விழுந்தா என்னாகும்?”

விழட்டும் என்று நானே மேலே போய்க் கூட்டிவந்தேன். முதலாளி முகம் இருண்டது. “அது அணைஞ்சு ஒரு படம் போனது போதாதா?” என்றார். நான் விளக்கை அணைக்கச் சொல்லவில்லை, இன்னும் பிரகாசமாக எரியவிடுகிறேன் என்கிறேன், சாமிக்குப் பாதி வெளிச்சம் போட்டு மிச்சம் பிடிப்பது மட்டும் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். அது வேலை செய்தது. ஒரு அகல் விளக்கைக் கொண்டுவந்து பலகைமேல் ஏற்றி வைத்து, கும்பிட்டுவிட்டு, மேலே போய் அவரே தன் கையால் சுவிட்சை அணைத்தார்.

ஹாலில் சுத்தமான அமைதி. ஆம்ப்ளிஃபயர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

ரெகுலேட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பல்பை நேராக இணைத்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பொன்வண்டு திரும்பி வரவில்லை. அமல்ராஜ் பிள்ளையாருக்கு நேராகவே உட்கார்ந்து அந்தப் பாட்டை முதல் டேக்கிலேயே முடித்தார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த இசையமைப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கீபோர்டு பேச்சு அதோடு போயிற்று. சீஃப் காபியை ஊற்றிக்கொண்டே, “நான் அப்பவே சந்தேகப்பட்டேன், வெளியிலேர்ந்துதான் ஏதோ வர்றதுன்னு” என்றார்.

மலருக்கு இவ்வளவு போதும். தம்பிகள் இதை மட்டும் படித்து, பெரியவர் நன்றாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் பட்டனைத் தட்டப் போகலாம். ஆனால் நான் கண்டுபிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அமல்ராஜும் நானும் தெருமுனைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. “நல்லவேளை, வாசல் பக்கம் திரும்பி நின்னியே, அது மட்டும் இல்லேன்னா இன்னிக்கு உன் கதை கந்தல்” என்றேன்.

அவர் சிரித்தார். “சும்மா நின்னேன்னு நெனச்சீங்களா சார்? போவச் சொன்னதும் ஒயர புடுங்கிட்டுத்தானே போவணும்? ஏன் புடுங்காம நின்னுக்கினு இருந்தேன்?”

எனக்குப் புரியவில்லை.

“மொத நாளே தெரியும் சார். உக்காந்ததும் ஜிர்ருன்னுச்சு. கிட்டார இப்டி அப்டி திருப்பினேன், அந்த வெளக்குதான்னு தெரிஞ்சுபோச்சு. அதான் சொவரப் பாத்துக்கினு உக்காந்தேன். ரெண்டு நாளு தொல்லையே இல்ல. அப்பால வந்து நேரா உக்கார வெச்சுட்டாங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “யோவ், உனக்கு மூளை கீளை இருக்கா? நாள் முழுக்க நாயா அலைஞ்சிருக்கேன், கிட்டாரைப் பிரிச்சுப் போட்டிருக்கேன், எல்லாரும் உன்னைத் திட்டினாங்க, உன் பிழைப்பே போக இருந்துச்சு. வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்ன? சீஃப்கிட்ட வேண்டாம், என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீங்க கேப்பீங்க சார். அத நான் இல்லேன்னு சொல்லல. நேரா மேல போவீங்க. யாரு சொன்னான்னு மொதலாளி கேப்பாரு. அமல்ராஜு சொன்னான்னு சொல்லுவீங்க.” டீ கிளாஸைக் கீழே வைத்தார். “பூ போட வந்தவரு நான் உக்காந்திருந்தத பாத்துட்டு இன்னா சொன்னாரு? சாமிக்கு முதுவ காட்டுறான்னாரு. சும்மா உக்காந்ததுக்கே அது. நானு போயி அந்த வெளக்க அணைங்கன்னு சொன்னேன்னா, அந்தப் பேரு நான் சாவுற வரைக்கும் எம்மேலதான் சார் இருக்கும். கிட்டாரு கத்துதுன்னு சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். கிட்டாருன்னா வேற வாங்கிக்கலாம்.”